மலையில் நீர் நிற்பதில்லை

மலையேறப் போகிறவர்கள் எதற்காக உயரத்தில் ஓர் ஏரியைத் தேடுகிறார்கள் என்ற கேள்வி சில காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. சிகரத்தைத் தேடுவது விளங்குகிறது. அதற்குமேல் ஏற இடமில்லை, வந்த வேலை முடிந்துவிடும். அருவியைத் தேடுவதும் விளங்குகிறது. கீழே போய்த் தலையை நீட்டினால் போதும். ஏரி இந்த இரண்டிலும் சேராது. ஆனாலும் மாத்தளைப் பக்கம் முதுகில் பையும் கூடாரச் சுருளுமாகக் கிளம்பும் நண்பர் கூட்டங்களின் திட்டத்தில் எங்காவது ஓர் ஏரி இருந்தாக வேண்டும். அதன் கரையில் இரவு தங்க வேண்டும், விடியும்போது நீர்மேல் மூட்டம் அசைய வேண்டும், எதிர்ப்பக்கத்து மலை தலைகீழாக அதில் விழுந்து கிடக்க வேண்டும். இந்த ஆசை எங்கே பிறந்தது என்று யோசித்தால், இந்த மலைகளில் பிறந்ததாகத் தெரியவில்லை. காஷ்மீரில் சோனமார்க்கிலிருந்து நாரநாக் வரை நடப்பவர்கள் வழியில் விஷன்சர், கிருஷன்சர், கங்காபல் என்று ஏரி ஏரியாகக் கடந்து போகிறார்கள். அங்கே பனியாறுகள் மலையைக் குடைந்து பள்ளமாக்கி, தாம் உருகிய பின் அந்தப் பள்ளத்தில் நீரை விட்டுச் சென்றன. இமயத்திலும் ஆல்ப்ஸிலும் உயரத்து ஏரி என்றால் பெரும்பாலும் இப்படிப் பனிக்கட்டி வெட்டிய குழிதான். இலங்கை மலைகளோ மிகப் பழைய பாறை, வெப்பவலயத்தில் நிற்பவை. மாத்தளை, கண்டி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் நக்கிள்ஸ் தொடரின் மிக உயர்ந்த கொம்பனியா சிகரமே 1,906 மீற்றர்தான். பனிக்கட்டி இங்கே உளி பிடிக்கவில்லை. ஆகவே குழியுமில்லை.

மழைக்குக் குறைவில்லை என்பதுதான் வேடிக்கை. தென்மேல் பருவக்காற்றுக்கும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கும் குறுக்கே கிடக்கும் தொடர் இது. ஒன்று கொடுக்காமல் விட்டதை மற்றது கொடுத்துவிடும். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதியில் மேலே போகப்போக மரங்கள் குள்ளமாகின்றன, கிளைகள் பாசி பூத்துப் பருத்திருக்கின்றன, காற்று ஒரே பக்கமாகத் தள்ளித் தள்ளி மரமுடிகளைச் சாய்த்து வைத்திருக்கிறது. சப்பாத்துக்குள் அட்டை ஏறும். கணுக்காலில் சவர்க்காரத்தையும் சித்தாலேபையையும் அப்பிக்கொண்டு போகிற கூட்டம் ஒன்று முன்னால் போயிருந்தால், வளைவு தாண்டுமுன்பே மூக்கு சொல்லிவிடும். கணவாயைத் தாண்டி லக்கல பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தன. பாறைத் தட்டின்மேல் மெல்லிய மண், அந்த மண்மேல் புல். அந்த மண் நீரைப் பிடித்து வைக்காது. பாறை இடுக்கில் கசியும் ஈரத்தை நம்பி, இந்தத் தொடருக்கு வெளியே உலகில் எங்குமில்லாத ஒரு சிறு தவளை இங்கே வாழ்கிறது. அதன் தலைப்பிரட்டைகள் குட்டையில் நீந்தி வளர்வதில்லை. நீர் வழியும் பாறை முகத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. இந்த மலையின் நீர் எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. நிற்கும் நீருக்காகக் காத்திராமல் வழியும் நீரிலேயே குடும்பம் நடத்தப் பழகிய உயிர் அது. தொடரின் நீர் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பங்கு நேராக மகாவலிக்கு, மற்றது அம்பன் கங்கை, களு கங்கை வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி அதே மகாவலிக்கு. இந்த உயரத்தில் நீர் நின்றால், யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

எல்கடுவ தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் செம்புவத்த ஏரி அப்படி நிறுத்தப்பட்ட நீர். ஊற்றை மறித்து உண்டாக்கியது. இது இரகசியமில்லை, கேட்டால் யாரும் சொல்வார்கள், டிக்கட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் அதன் படங்களைப் பார்த்தால் அந்தச் செய்தி எங்கேயோ கழன்று விழுந்துவிடுகிறது. கரும்பச்சை நீர், பின்னால் பைன் மரச் சுவர், பக்கத்தில் தேயிலைச் சரிவு, மேலே மூட்டம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். நீர் தேக்கியது. தேயிலை, 1869இல் வந்த இலைத்துரு நோயில் கோப்பி படிப்படியாகச் செத்த மண்ணில் பிறகு நடப்பட்டது. பைன், இலங்கையில் பெரும்பாலும் கரீபியக் கரைகளின் மரம். 1970களுக்குப் பின் மொட்டையாகிப்போன சரிவுகளில் வரிசை பிடித்து நட்டார்கள். அதனடியில் ஊசியிலை மெத்தையாகக் கிடக்கும், வேறு செடி தலைதூக்குவது அபூர்வம். அந்தச் சட்டகத்தில் இடத்துக்குச் சொந்தமானது மூட்டம் மட்டும்தான். இப்படி மூன்று பக்கமும் ஆள் கை வேலை செய்த ஓரிடம் எப்படி ஆள் கை படாத இடமாகத் தோற்றம் தருகிறது? என் உறுத்தலின் அடிமுடிச்சு இதுதான். அழகு பொய் என்று நான் வாதிட வரவில்லை. கண்ணுக்கு அழகாக இருப்பது அழகுதான். அந்த அழகை அனுபவிக்க, அதைச் செய்தவர்களைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டியிருக்கிறதா என்பதே கேள்வி.

இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு, இந்தத் தீவில் யாரும் மறிக்காமல் நின்ற நீர் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்துத் திருப்பி, கால்வாய் வெட்டி மின்னேரியாவை நிரப்பினார்கள். மகாசேனன் கட்டிய குளம் அது. பதினேழு நூற்றாண்டுகளாக நிற்கிறது. வறண்ட மாதங்களில் அதன் கரைப் புல்லுக்குக் காட்டு யானைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன, அதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எவரும் அதைச் செயற்கை என்று முகம் சுளிப்பதில்லை. வயதாகிவிட்டால் எல்லாம் இயற்கைதான். செம்புவத்தவுக்கும் ஆயிரம் வருடம் கொடுத்துப் பாருங்கள் என்று வாதம் போகும். ஆனால் குளத்தைக் காப்பாற்றுவது அதன் வயது என்று நான் நினைக்கவில்லை. குளம் தன்னைச் செய்த கையை மறைப்பதில்லை. அணைக்கட்டு நீளமாகக் கண்ணுக்குத் தெரிகிறது, துருசு தெரிகிறது, மாரியில் வான் பாய்ந்தால் ஊரே பார்க்கப் போகிறது. கீழே வயல். போகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று சத்தம் நடக்கும். அந்த நீர் யாருடையது, எங்கே போகிறது, இந்த வருடம் யார் அணையைச் சீர் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. வன்னியில் மாலைக் காற்றுக்கு அணைக்கட்டில் உட்காருகிறவரின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் நெல். தலையைத் திருப்பினால் இரண்டும் ஒரே கணக்காகத் தெரியும். மலையேரியிலும் படமெடுக்க வாகான இடம் பெரும்பாலும் அணைதான். அதன்மேல் நிற்பதாலேயே அது படத்தில் விழுவதில்லை. கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்க்க யாருக்கும் காரணமும் இல்லை. அங்கே காத்திருக்கும் வயல் எதுவும் இல்லை.

மலையில் நீரை நிறுத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அது நீளமானதல்ல. ஊட்டியில் 1820களில் ஜான் சலிவன் ஏரி வெட்டுவித்தார். கொடைக்கானலில் 1863இல் வியர் லெவிஞ்ச். நுவரெலியாவில் 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி. வெயிலுக்குப் பயந்து மலையேறிய அதிகாரிகள் குளிரையும் மூட்டத்தையும் கண்டு ஊர் நினைவு வந்து, அந்தக் காட்சியில் இல்லாமலிருந்த ஒன்றைக் கூலியாட்களை வைத்து நிரப்பிக்கொண்டார்கள். எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் தலையில் போடுவதும் வசதியான காரியம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கண்டி ஏரியை 1807இல் உண்டாக்கியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்க வம்சத்துக் கடைசி அரசன். நெல்லுக்கன்றி அழகுக்காக நீரை நிறுத்தும் ஆசை அரண்மனைக்கும் இருந்தது. ஆகவே இதை ஓர் இனத்தின் கண் என்பதைவிட, வேலை வாங்குகிறவனின் கண் என்பதே பொருத்தம். அணைக்கு மண் சுமந்தவன் கரையில் நின்று தன் முகத்தை நீரில் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தக் காட்சி அவனுக்காக அமைக்கப்பட்டதல்ல.

இந்த இடத்தில் நண்பர் கூட்டத்தின் பக்கம் நின்று ஒரு நல்ல மறுப்புச் சொல்ல முடியும். வார இறுதியில் கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரும் ஐந்தாறு பேருக்கு அரசனின் கண்ணும் தெரியாது, தேசாதிபதியின் கண்ணும் தெரியாது. காட்டுப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவரின் முதுகுப்பையைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்காக ஏறும்போது பேச்சு அறுந்து அறுந்துதான் வரும். மூச்சு வாங்குகிறவன் பின்தங்குவான், வேகக்காரன் முன்னால் போய் எரிச்சலோடு காத்திருப்பான். சிகரத்தில் நிற்க இடம் போதாது, போட்டியும் உண்டு. ஏரிக்கரையில்தான் அந்த வரிசை கலைந்து, எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே பேச முடிகிறது. ஆண்கள் கூட்டத்தில் சொல்ல முடியாத பல விஷயங்கள் இப்படி நீரைப் பார்த்தபடிதான் சொல்லப்படுகின்றன. ஏரியைத் தேடுவதற்கு இது போதுமான காரணம், மரியாதைக்குரிய காரணமும்கூட. (பிளாஸ்டிக் போத்தல், மலையுச்சியில் ஸ்பீக்கர் சத்தம் பற்றிய உபதேசத்தை இங்கே எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்க வேண்டும்; அதை எல்லோரும் சொல்லியாயிற்று, சொல்வதால் குறைந்ததாகவும் தெரியவில்லை.) நான் இந்த மறுப்பை ஏற்கிறேன், பாதி தூரம் வரை. அந்த உட்காருதல் எந்த நீர் முன்னாலும் நடக்கும். செய்தவர் தெரிகிற குளக்கரையில் இன்னும் நன்றாக நடக்கும். மேலே ஏறித்தான் அது கிடைக்கும் என்று நாம் நம்புவது ஏன்? கீழே விட்டு வந்த உலகம் மேலே இல்லை என்று நினைக்கிறோம். ஆள் இல்லாத இடம், கணக்கு இல்லாத இடம், யாரும் யாருக்கும் கடன்படாத இடம். நண்பர்களுக்குள் சமமாக இருக்க அப்படி ஓரிடம் வேண்டியிருக்கிறது என்பது உண்மையாக இருக்கலாம். எல்கடுவ அப்படிப்பட்ட இடமல்ல என்பதும் உண்மை.

அங்கே ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நீரோடு உறவு உண்டு, அதன் பெயர் பீலி. மலையின் எங்கோ ஒரு மடிப்பில் கசியும் ஊற்றைக் கல் வைத்துத் திருப்பி, முன்பு மூங்கிலிலும் பின்பு இரும்பிலும் இப்போது பிளாஸ்டிக் குழாயிலுமாகத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். குழாயின் நுனியிலிருந்து நீர் விடாமல் விழும். அது விழும் கல் நடுவில் குழிந்திருக்கும், ஓரத்தில் சவர்க்கார வெள்ளை படிந்திருக்கும், துவைப்பதற்கென்று சாய்வாக இன்னொரு கல். காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன் குடம் நிரப்ப வருகிறவர்களின் வரிசை, மாலையில் கொழுந்து நிறுத்த பின் கை கால் கழுவ வருகிறவர்களின் வரிசை. தோட்டத்தின் சண்டைகளும் கல்யாணப் பேச்சுகளும் பாதி பீலிக்கரையில்தான் ஆரம்பித்தன என்று சொல்வார்கள். அந்த நீர் நிற்பதில்லை, யாரும் அதை நிறுத்திப் பார்ப்பதும் இல்லை. விழ விழ எடுத்துக்கொள்வதுதான் முறை. பாறையில் ஒட்டி வாழும் தவளைக்குத் தெரிந்த மலை இவர்களுக்கும் தெரியும். ஊற்றுகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. எந்த ஊற்று பங்களாவுக்கு, எது பெக்டரிக்கு, எது லயத்துக்கு என்பதை ஒரு தோட்டத்தில் யார் தீர்மானித்தார்கள் என்று கேட்டாலே அந்தத் தோட்டத்தின் கதை வந்துவிடும். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கிறவர் தண்ணீர்ப் போத்தலை நிரப்பப் பெரும்பாலும் வருவதும் பீலிக்குத்தான், நின்ற நீரைக் குடிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் பீலியை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

காட்டுக்குள் போனால் இதிலிருந்து தப்பித்துவிடலாம் என்று தோன்றும். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக 2000இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 17,500 ஹெக்டேர். 2010இல் இலங்கை மத்திய மலைநாடு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது சிவனொளிபாதமலைக் காடுகளோடும் ஹோட்டன் சமவெளியோடும் இதுவும் சேர்ந்தது. இங்கேயாவது கை படவில்லையா? பட்டிருக்கிறது. பெரிய மரங்களின் நிழலில் ஏலக்காய் போட்டு, அடிக்காட்டை வெட்டி, காய் உலர்த்தும் அடுப்புகளுக்கு அதே காட்டு விறகை எரித்து எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. பாதுகாப்பு வந்ததும் அந்தப் பிழைப்பு சட்டவிரோதமானது. காட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான முடிவு. அடிக்காடு இல்லாத காட்டில் மரம் செத்தால் அடுத்த மரம் இல்லை. கிராமத்தின் பக்கம் நின்று பார்த்தால், தன் பிழைப்பை நிறுத்திய இடத்தில் இன்று நகரத்து இளைஞர் சீட்டு வாங்கி உள்ளே போகிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைக் கோப்பிக்காக அழிக்கக் கூடாது என்று முடிவானது. மேட்டுக்காடு போனால் ஓடைகள் வற்றும், மண் வரும் என்ற அச்சம் அதன் பின்னால் இருந்தது. நாம் தொடாத காடு என்று மெய்சிலிர்க்கும் உச்சிகள், கீழே தண்ணீர் தேவைப்பட்டதால் விட்டுவைக்கப்பட்டவை. அந்த முடிவு இல்லாவிட்டால் இன்று பார்க்க எதுவும் இருந்திராது என்பதால், கணக்குப் பார்ப்பதைக் கெட்ட வார்த்தையாக நான் நினைக்கவில்லை. கணக்கு இருந்தது என்பதை மறந்துவிட்டுப் பரவசப்படுவதுதான் இடிக்கிறது.

கீழே இறங்கினால் இந்த மாவட்டத்தில் ஓடுகிற நீர்கூடத் தானாக ஓடவில்லை என்பது தெரியவரும். மாத்தளை நகரை ஒட்டி ஓடும் சுது கங்கையில் போவது சுது கங்கையின் நீர் மட்டுமல்ல. 1976இலிருந்து பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, சுமார் எட்டுக் கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குக் கொண்டுவந்து இதில் விடுகிறார்கள். அது போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரு பங்கு வடக்கே திருப்பப்பட்டு, தம்புள்ளைப் பக்கமாகக் கலாவாவிக்குப் போகிறது. அந்த வேலைகளின்போது நாலந்தவில் இருந்த கெடிகே, பல்லவர் பாணியை நினைவூட்டும் அந்தக் கற்கோயில், நீரில் மூழ்கும் என்பதால் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டில் திரும்ப அடுக்கப்பட்டது. பிறகு மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2017இல் நிரம்பத் தொடங்கியது. களு கங்கையின் குறுக்கே இன்னொரு அணை. பழைய லக்கல பல்லேகம பஸார் நீருக்குள் போக, 2018இல் புதிய நகரம் ஒன்று திறக்கப்பட்டது. லக்கல பக்கத்து மலை விளிம்பில் நின்று கீழே மின்னும் நீரைப் பார்த்து வியக்கிறவரின் கண்ணுக்கு எட்டும் அந்த ஏரிக்குள் ஒரு கடைத்தெரு இருக்கிறது. மூழ்கியது வீணில்லை என்றுதான் நானும் சொல்வேன்; வடமத்திக்கு நீர் வேண்டும். கெடிகேக்கு அடுக்கித் தர ஆள் இருந்தார்கள், பஸாருக்குப் புது நகரம் கிடைத்தது, ஆகவே இவற்றை நாம் பேசவாவது பேசுகிறோம். மலைமேல் சின்னதாக நிறுத்தப்பட்ட நீரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது அமைதியான இடம் என்பதால் அதைப் பற்றிய கேள்வியும் அமைதியாகிவிட்டது.

போவத்தென்னவிலிருந்து வடக்கே போகும் நீரின் வழியை வரைபடத்தில் பின்தொடர்ந்தால் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. கலாவாவியிலிருந்து ஜய கங்கை வழியாக அநுராதபுரக் குளங்கள். அவற்றின் வடிநீர் மல்வத்து ஓயாவில் விழுகிறது. அதுதான் மன்னாரில் அருவியாறு. தேக்கம் அணையில் அதன் ஒரு பங்கு கட்டுக்கரைக்குளத்துக்குத் திரும்புகிறது, மிச்சம் அரிப்புக்கு அருகே கடலைச் சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையிலும் அரிப்பிலும் இறங்கியவர்கள் ஏறக்குறைய இதே வழியைத் தலைகீழாக நடந்தார்கள். மன்னார்க் காடு, அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை. தலையிலும் தோளிலும் மூட்டை, கையில் குழந்தை, வழியில் தண்ணீர் இல்லை, கிடைத்த தண்ணீரில் கொலரா. எத்தனை பேர் அந்தக் காட்டில் விழுந்தார்கள் என்ற எண்ணிக்கை பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. பலர் விழுந்தார்கள் என்பதில் வாதமில்லை. 2023இல், அந்த வருகையின் இருநூறாவது ஆண்டில், 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டமைப்பின் அழைப்பில் தலைமன்னாரிலிருந்து ஜூலை 28 அன்று கிளம்பி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளைக்கு வந்து சேர்ந்தது ஒரு நடைபயணம். முதுகில் பை, காலில் சப்பாத்து, தொப்பி, தண்ணீர்ப் போத்தல்; தூரத்திலிருந்து பார்த்தால் மலையேறிகளின் கூட்டம் என்றே தோன்றியிருக்கும். இரண்டு நடைகளுக்கும் பயிற்சி ஒன்று, வலி ஒன்று. பையில் இருந்தது வேறு. அவர்கள் காணி கேட்டு நடந்தார்கள், வீடு கேட்டு நடந்தார்கள்.

அப்படியென்றால் செம்புவத்தவுக்குப் போகிற ஒவ்வொருவரும் கொலராவை நினைத்துத் தலைகுனிய வேண்டுமா என்று கோபமாகக் கேட்கலாம். வேண்டாம். குற்றவுணர்வு என்பது நகரத்துக்காரர் வாங்கிக்கொள்ளும் இன்னொரு நுழைவுச்சீட்டு, அதைக் காட்டினால் உள்ளே போய் அதே படத்தை எடுத்துக்கொள்ளலாம். இதைவிட வலுவான மறுப்பு லயங்களிலிருந்தே வருகிறது. கொழும்பில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது நண்பர்களோடு டென்ட் வாங்கிக்கொண்டு இதே மலைகளுக்கு வருகிறார்கள். அம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி ஏறிய சரிவில் மகன் தோள்வாரை இறுக்கிக்கொண்டு ஏறுகிறான். கங்காணி சொல்லாமல், பேர் போடாமல், யாருடைய சுமையுமில்லாமல், பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த மலையில் ஏறுகிற முதல் தலைமுறை அவர்களாகவே இருக்கலாம். அவர்களிடம் போய் வரலாறு படி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் மறந்துவிட்டு நடக்கிறார்கள் என்பதும் தெரியாது. ஏரிக்கரையில் அவர்களில் ஒருவன், இந்தப் பக்கம்தான் அணை, கீழே பார் மடை இருக்கும் என்று நண்பனுக்குக் காட்டக்கூடும். அவன் பார்க்கும் அழகு மற்றவர் பார்ப்பதைவிடக் குறைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? என் வாதம் முழுவதும் அவன் கை நீட்டும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

ஹந்தானையில் தொடங்கித் தேயிலை மலைகளுக்குள் முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல் போகும் பீக்கோ பாதை, பழைய தோட்ட வீதிகளையே நடைபாதையாக்கி, 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அது மாத்தளைக்கு வரவில்லை. வந்தால், அல்லது மாத்தளை தனக்கென்று ஒன்று அமைத்துக்கொண்டால், புதிதாக வெட்ட வேண்டியது அதிகமில்லை. கடலிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு மாத்தளை முடிவாக இருக்கவில்லை. அங்கிருந்துதான் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் பிரிக்கப்பட்டு உக்குவளைக்கும் எல்கடுவவுக்கும் ரத்தோட்டைக்கும் ஏறினார்கள். 2023இன் நடை நகரத்தோடு நின்றது. மிச்சமுள்ள அந்த ஏற்றத்தை இன்று வேனில் போய்விடுகிறோம், பையைக் கடைசி ஒரு மைலுக்குத்தான் முதுகில் போடுகிறோம். அதை அடியிலிருந்து நடப்பதென்றால் வழியில் பீலிகள் வரும், லயங்கள் வரும், பெரட்டுக் களம் வரும், கடைசியில் அணை வரும். அணையில் என்ன எழுதி வைப்பது என்பதில் மட்டும் சிக்கல் இருக்கிறது. துரைமாரின் பெயர்கள் கிடைக்கும், தேவாலயச் சுவர்களிலும் கல்லறைகளிலும் அவை பத்திரமாக இருக்கின்றன. தோட்டத்தில் மண் சுமந்தவர்களின் பெயர் ஏறும் ஒரே இடம் செக்ரோல் என்ற வேலைநாள் பதிவேடு. அங்கே ஒவ்வொரு நாளுக்கும் நேராக முழுப்பேர் அல்லது அரைப்பேர் என்று போட்டிருப்பார்கள், மழை வந்து இடையில் வேலை நின்ற நாட்களில் பெரும்பாலும் அரைப்பேர்.